பிடித்த அழுக்கு எங்கே போகும்?

"எங்கள் ஊருக்கு அருகே ஜவுளிப் பூங்கா ஒன்று வரப்போகிறது. சாய ஆலைகள், நிலக்கரி பாய்லர், பொதுச் சுத்திகரிப்பு நிலையம் எல்லாம் அதற்குள் இருக்குமாம். புகைத் தூசியில் 99.9 சதவீதத்தைப் பிடித்துவிடுவோம், கழிவுநீர் ஒரு சொட்டுக்கூட வெளியே வராது என்று திட்ட அறிக்கையில் எழுதியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட கருவிகள் உண்மையிலேயே உண்டா, இல்லை கண்துடைப்பா? கருத்துக்கேட்புக் கூட்டத்தில் நாங்கள் என்ன கேட்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கருவிகள் உண்டு. 99.9 என்பதும் பொய்யில்லை. அனல்மின் நிலையப் பராமரிப்பில் சில ஆண்டுகள், அதன்பின் சாயக்கழிவுநீர் நிலையத்தில் பல ஆண்டுகள் என்று என் பிழைப்பு இந்தக் கருவிகளோடுதான் ஓடியது. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் அவை சொன்னதைச் செய்யும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு சின்னக் கணக்குப் போட்டால் அது தெரிந்துவிடும்.

மணிக்கு 100 டன் நிலக்கரி எரிக்கும் பாய்லர் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பூங்காவின் பாய்லர் இதைவிட மிகச் சிறியதாகத்தான் இருக்கும். கணக்கு எளிதாக வரட்டும் என்று இதைச் சொல்கிறேன். நம் நாட்டு நிலக்கரியில் நூற்றுக்கு நாற்பது பங்கு சாம்பல் என்றால் 40 டன். அதில் எண்பது சதவீதம், அதாவது 32 டன், புகையோடு பறக்கும். 99.9 சதவீதம் பிடிபட்டால் புகைபோக்கி வழியே தப்புவது மணிக்கு 32 கிலோ. பிரமாதம்தான். மீதி எங்கே? கருவியின் அடியில் இருக்கிறது. ஒரு நாளைக்கு 767 டன். அறிக்கை அந்த 32 கிலோவைப் பற்றிப் பத்துப் பக்கம் பேசும். 767 டன்னுக்கு ஒரே ஒரு வரி ஒதுக்கும்: "விதிமுறைகளின்படி அப்புறப்படுத்தப்படும்."

மாசைப் பிடிக்கும் கண்டுபிடிப்புகளின் வரலாறு முழுக்க இந்த ஒரு வரியோடு மல்லுக்கட்டிய கதைதான். அதில் எனக்குப் பிடித்த கதை 1836-இல் தொடங்குகிறது.

சோப்புக்கும் கண்ணாடிக்கும் வேண்டிய சோடாவை அன்று இங்கிலாந்தில் லெப்ளாங் முறையில் தயாரித்தார்கள். சாப்பாட்டு உப்போடு கந்தக அமிலத்தைச் சேர்த்துச் சூடாக்குவது முதல் படி. சோடியம் சல்பேட் கிடைக்கும். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திருப்பூரில் மறுபடி சந்திப்போம். கூடவே ஹைட்ரோகுளோரிக் அமில வாயுவும் கிளம்பும். அதை அப்படியே வானத்தில் விட்டார்கள். சுற்றுவட்டாரத்தில் மரங்கள் கருகின, பயிர் போயிற்று, வழக்குகள் குவிந்தன. ஆலைக்காரர்களின் மறுமொழி புகைபோக்கியை இன்னும் உயர்த்திக் கட்டுவது. அமிலம் அடுத்த ஊரில் விழுந்தது.

ஸ்டோக் பிரையரில் சோடா ஆலை நடத்திய வில்லியம் காஸேஜ் வேறு வழி பார்த்தார். கைவிட்டுக் கிடந்த காற்றாலைக் கோபுரம் ஒன்றில் முட்செடிகளையும் சுள்ளிகளையும் அடைத்தார். மேலிருந்து தண்ணீரை வழியவிட்டு, வாயுவை உள்ளே செலுத்தினார். சுள்ளிகளின்மேல் தண்ணீர் மெல்லிய படலமாகப் பரவி, வாயுவைக் குடித்துவிட்டது. பிளாஸ்டிக் வளையங்களை அடைத்துக்கொண்டு இன்று ரசாயன ஆலைகளில் நிற்கும் ஸ்க்ரப்பர் கோபுரங்கள் எல்லாம் அந்தச் சுள்ளிக் கோபுரத்தின் வாரிசுகள். இந்த வித்தை கைவசம் இருந்ததால்தான் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1863-இல் ஆல்கலிச் சட்டம் போட முடிந்தது: இந்த வாயுவில் 95 சதவீதத்தைப் பிடித்தே ஆக வேண்டும். முதல் ஆய்வாளராக வந்தவர் ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித். 'அமில மழை' என்ற சொல்லை உலகுக்குத் தந்த அதே ஸ்மித்.

காற்று தேறியது. கோபுரத்தின் அடியில் வழிந்த அமிலநீரை என்ன செய்தார்கள்? ஓடையிலும் கால்வாயிலும் விட்டார்கள். வாயுவுக்குத் தப்பிய மீன் தண்ணீரில் செத்தது. வால்டர் வெல்டனும் ஹென்றி டீக்கனும் 1860-களின் பிற்பகுதியில் அந்த அமிலத்திலிருந்து குளோரின் எடுக்கும் முறைகளைக் கொண்டு வந்த பிறகுதான் நிலைமை மாறியது. குளோரினைச் சுண்ணாம்போடு சேர்த்தால் பிளீச்சிங் பவுடர். பருத்தி ஆலைகளும் காகித ஆலைகளும் அதை வாங்கக் காத்திருந்தன. சட்டத்துக்குப் பயந்து அமிலத்தைப் பிடித்த முதலாளிகள், இப்போது காசுக்காகப் பிடித்தார்கள்.

புகையில் பறக்கும் துகளைப் பிடிக்கும் கதையும் ஏறக்குறைய இப்படித்தான். மின்சாரத்தால் புகையைத் தெளியவைக்கலாம் என்பது 19-ஆம் நூற்றாண்டிலேயே தெரியும். வேல்ஸில் ஓர் ஈய ஆலையில் ஆலிவர் லாட்ஜின் யோசனைப்படி 1885 வாக்கில் முயன்றார்கள். கையிலிருந்த மின்னுற்பத்தி எந்திரம் அந்த வேலைக்குப் போதவில்லை. 1906-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வேதியியல் கற்பித்த பிரெடெரிக் காட்ரெல் அதைக் கையில் எடுத்தார். அவருக்கு வந்த சிக்கல் கந்தக அமில ஆலையில் பனிமூட்டம்போல் மிதக்கும் அமிலத் துளிகள். சோதனைக் கூடத்தில் ஒரு நாள், பருத்தி நூல் சுற்றிய கம்பியில் மின்சாரம் பாயும்போது, நூலின் பிசிறுகள் இருட்டில் ஊதா நிறத்தில் மினுங்குவதைப் பார்த்தார். வழுவழுப்பான உலோகக் கம்பியைவிட அந்தப் பிசிறுகள் வழியாகத்தான் மின்னூட்டம் சீராகக் காற்றில் கசிகிறது என்று பிடிபட்டது. காப்புரிமை 1908-இல் கிடைத்தது.

அவர் முதலில் பிடித்த பொருள் என்ன என்று கவனியுங்கள். விற்கக்கூடிய கந்தக அமிலம். அதனால் ஆலைக்காரர்கள் முகம் சுளிக்கவில்லை. அடுத்து ரிவர்சைடு என்ற இடத்தில் சிமெண்ட் ஆலையின் தூசி ஆரஞ்சுத் தோப்புகளில் படிந்து வழக்கு முற்றியபோது இதே கருவியை வைத்தார்கள். முதல் உலகப் போரில் ஜெர்மனியிலிருந்து பொட்டாஷ் வரத்து நின்றதும், பிடித்த தூசியிலிருந்து பொட்டாஷ் எடுத்து உரமாக விற்றார்கள். காட்ரெல் தன் காப்புரிமைகளைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் 1912-இல் ஆராய்ச்சிக்கு நிதி தரும் ஓர் அமைப்பைத் தொடங்கக் கொடுத்துவிட்டார். அணுத்துகள்களை வேகப்படுத்தும் எர்னஸ்ட் லாரன்ஸின் சைக்ளோட்ரான் எந்திரத்துக்கு உதவிய பணத்தில் இந்தப் புகைக் காசும் உண்டு. இது உங்கள் கேள்விக்குத் தேவையில்லாத செய்தி. எழுதாமல் இருக்க மனம் வரவில்லை.

பாடப்புத்தகத்தில் இந்தக் கருவிக்கு 'நிலைமின் வீழ்படிவாக்கி' என்று பெயர். ஆலையில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை, ஈ.எஸ்.பி. என்பார்கள். மூன்று நான்கு மாடி உயரத்துக்கு இரும்புத் தகடுகள் வரிசையாகத் தொங்கும், நடுவில் கம்பிகள். கம்பிகளுக்கு 50,000 வோல்ட்டையும் தாண்டிய மின்னழுத்தம். சாம்பல் துகள் மின்னூட்டம் பெற்றுத் தகட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை சுத்தியல்கள் தகட்டின் விளிம்பில் 'ணங்' என்று அடிக்க, ஒட்டிய சாம்பல் பாளமாக உதிர்ந்து கீழே ஹாப்பர் என்ற கூம்புத் தொட்டியில் விழும். இரவுப் பணியில் அந்த ணங் ணங் சத்தம் தாலாட்டு மாதிரி. அது நின்றால்தான் தூக்கம் கலையும்.

ஈ.எஸ்.பி. எப்படிச் சாகும் தெரியுமா? மேலே இருக்கும் மின்சாரத்தால் அல்ல, பெரும்பாலும் அடியில் இருக்கும் ஹாப்பரால். சூடான சாம்பல் தண்ணீர் மாதிரி ஓடும். ஆறி ஈரம் கோத்துவிட்டால் ஹாப்பரின் கழுத்தில் பாலம் கட்டிக்கொண்டு நிற்கும். அதனால்தான் ஹாப்பருக்கு ஹீட்டர் போட்டிருப்பார்கள். ஹீட்டர் பழுதாகி, அடைப்பை யாரும் கவனிக்காவிட்டால் சாம்பல் மேலே ஏறிக் கம்பியைத் தொட்டுவிடும். தொட்டவுடன் அந்தப் பகுதிக்கு மின்சாரம் அறுந்துபோகும். நீண்ட கம்பியோடு ஹாப்பர் வாயில் குத்திக் குத்திச் சாம்பலை இறக்கிய இரவுகள் எனக்குக் கணக்கில்லை. சாம்பலை ஏற்றிச் செல்ல லாரி வராததால் கீழே உள்ள சேமிப்புத் தொட்டி நிரம்பி, தொட்டி நிரம்பியதால் ஹாப்பர் நிரம்பி, ஹாப்பர் நிரம்பியதால் புகைபோக்கி கறுத்த நாளையும் பார்த்திருக்கிறேன். 99.9 சதவீதக் கருவியை ஒரு லாரி வாடகைத் தகராறு தோற்கடித்தது.

இன்னொன்று. நம் நிலக்கரியில் கந்தகம் குறைவு. கேட்க நல்லதாக இருக்கும், ஈ.எஸ்.பி.க்கு அதுவே தலைவலி. கந்தகம் குறைந்தால் சாம்பலின் மின்தடை ஏறும், தகட்டில் ஒட்டியது மின்னூட்டத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும், பிடிப்புத் திறன் இறங்கும். அதனால் வெளிநாட்டு நிலக்கரிக்குப் போதுமான அளவைவிட நமக்குப் பெரிய ஈ.எஸ்.பி. வேண்டும். ராணிப்பேட்டையில் உள்ள பெல் ஆலை இந்திய நிலக்கரிக்கு ஏற்ற ஈ.எஸ்.பி.களைச் செய்தே பெயர் வாங்கியது. உங்கள் பூங்காவின் அறிக்கையில் எந்த நிலக்கரிக்கு வடிவமைத்தார்கள், எந்த நிலக்கரியை எரிக்கப்போகிறார்கள் என்ற இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பாய்லர் சிறியதென்றால் ஈ.எஸ்.பி.க்குப் பதிலாகத் துணிப்பை வடிகட்டி வைப்பார்கள். அதுவும் நல்ல கருவிதான். பை கிழிந்தால் மாற்றுகிறார்களா என்பதுதான் பேச்சு.

காற்றோட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். பட்டறைக்குள் ஆவியும் தூசியும் சேரும் இடத்தில் சுவரில் ஒரு பெரிய மின்விசிறியை மாட்டிவிட்டு 'காற்றோட்ட வசதி உண்டு' என்று எழுதிவிடுவார்கள். விளக்கை வாயால் ஊதி அணைக்கலாம். மூச்சை உள்ளே இழுத்து அணைக்க முடியுமா? உறிஞ்சும் குழாய் அப்படித்தான். குழாயின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு தூரம் தள்ளிப் போனாலே இழுவை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். மாசு கிளம்பும் இடத்துக்குப் பக்கத்திலேயே கூண்டு போட்டு இழுத்தால்தான் தொழிலாளியின் மூக்குக்குப் போகாமல் தடுக்கலாம். அரிசி ஆலைக் கூரைகளில் தகரக் கூம்பாக நிற்கும் சைக்ளோன் 1885-இல் காப்புரிமை பெற்ற சரக்கு. சுழலும் காற்றில் கனமான தூசி சுவரில் மோதிக் கீழே இறங்கும். மென்தூசி அதற்குப் பிடிகொடுக்காது. சைக்ளோன் மட்டும் வைத்துக்கொண்டு யாராவது 99.9 என்றால் சிரித்துவிட்டு நகருங்கள்.

தண்ணீருக்கு வருவோம். உங்களுக்கு முக்கியமானது அதுதான்.

பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்ற உப்பு வேண்டும். அடர்ந்த நிறமென்றால் லிட்டருக்கு 60 முதல் 80 கிராம். ஒரு கிலோ துணிக்கு ஆறு லிட்டர் சாயக்கரைசல் என்று வைத்தால் உப்பு அரைக்கிலோவைத் தொடும். இந்த உப்பு துணியில் ஏறுவதே இல்லை. சாயத்தை நூலின் பக்கம் தள்ளிவிடுவதோடு அதன் வேலை முடிந்தது, அத்தனையும் சாக்கடைக்குத்தான். திருப்பூரில் நிறம்தான் எல்லோர் கண்ணிலும் பட்டது, நொய்யல் ஆறு சிவப்பாக ஓடுகிறது, நீலமாக ஓடுகிறது என்று. நிலத்தைக் கெடுத்தது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத உப்பு. பாசனத்துக்காக நொய்யலின் குறுக்கே கட்டி 1990-களின் தொடக்கத்தில் முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமாக மாறியது. எந்த நீருக்காக அணை கேட்டார்களோ அந்த நீரைத் திறக்க வேண்டாம் என்று விவசாயிகளே வழக்குப் போட்டார்கள்.

வழக்கமான சுத்திகரிப்பு உப்பை ஒன்றும் செய்யாது. அதன் மையமான உயிரிச் சேறு முறை 1914-இல் மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இருவரிடமிருந்து வந்தது. கழிவுநீரைப் புட்டியில் ஊற்றிக் காற்றை ஊதினார்கள். தெளிய ஐந்து வாரம் ஆயிற்று. தெளிந்த நீரை வடித்துவிட்டு, அடியில் படிந்த சேற்றைக் கொட்டாமல் வைத்துக்கொண்டு, புதுக் கழிவுநீரை ஊற்றினார்கள். மறுபடி மறுபடி அப்படிச் செய்ததில் வாரக்கணக்கு மணிக்கணக்காகச் சுருங்கியது. தயிருக்கு உறை ஊற்றுவதைப் போன்றது இது. சேற்றில் வாழும் நுண்ணுயிர்களே உறைமோர். இந்த ஆராய்ச்சிக்குத் தூண்டுகோலாக இருந்த கில்பர்ட் ஃபவுலர் இரண்டு ஆண்டுகளில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கே பேராசிரியராக வந்தார். ஆனால் இந்த உயிர்கள் அழுக்கைத் தின்னும், உப்பைத் தின்னாது.

சென்னை உயர் நீதிமன்றம் சொட்டு நீரும் வெளியே விடக்கூடாது என்று 2006-இல் சொன்னது. நடக்கவில்லை. 2011 ஜனவரி இறுதியில் திருப்பூரின் எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை ஒட்டுமொத்தமாக மூடச் சொன்னது. அதன்பிறகுதான் 'பூஜ்ய வெளியேற்றம்' என்பது காகிதத்திலிருந்து இறங்கித் தரைக்கு வந்தது.

அதன் முதல் கருவி ஆர்.ஓ. சவ்வு. உப்பை நிறுத்தித் தண்ணீரை மட்டும் விடும் சவ்வு 1950-களிலேயே தெரிந்திருந்தது. ஆனால் தண்ணீர் வருவதற்குள் விடிந்துவிடும். கலிபோர்னியாவில் சிட்னி லோயிபும் சீனிவாச சௌரிராஜனும் 1960 வாக்கில் ஒரு புதுச் சவ்வு வார்த்தார்கள். மேலே மயிரிழையைவிட மெல்லிய அடர்ந்த தோல், கீழே நுரைபோன்ற தாங்கி, இரண்டும் ஒரே வார்ப்பில். தோல் மெல்லியதானதால் தண்ணீர் பாய்ந்தது. சவ்வைத் திருப்பிப் போட்டால் வேலை செய்யாது! திருக்கண்ணபுரத்துச் சௌரிராஜப் பெருமாளின் பெயரைக் கொண்ட ஒருவரின் கைவண்ணம் நம் வீட்டுச் சமையலறைச் சுவரில் தொங்கும் தண்ணீர் எந்திரம்வரை வந்துவிட்டது. பெயர்தான் யாருக்கும் தெரியவில்லை.

படிப்படியாகப் பல ஆர்.ஓ. வழியே அனுப்பினால் சாயநீரில் 85 சதவீதத்துக்கு மேல் நல்ல நீராகத் திரும்பும். மிஞ்சும் செறிந்த உப்புநீரை ஆவியாக்க வேண்டும். அதற்குப் பயன்படும் பல அடுக்கு ஆவியாக்கி கரும்புச் சாறு காய்ச்சப் பிறந்தது. நியூ ஆர்லியன்ஸில் பிறந்த கறுப்பின வம்சாவளியினரான நோர்பெர் ரில்லியே 1840-களில் காப்புரிமை பெற்றார். முதல் கொப்பரையில் கிளம்பும் நீராவியைக் காற்றில் விடாமல் அடுத்த கொப்பரைக்கு அடுப்பாக்குவது அவர் யோசனை. அடுத்ததில் அழுத்தத்தைக் குறைத்து வைத்தால் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். ஒரு கிலோ நீராவியால் ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்கிய இடத்தில், நான்கு அடுக்கில் மூன்று கிலோவைத் தாண்டலாம். அப்படியும் நீராவிச் செலவு பட்டறைக்காரரின் தூக்கத்தைக் கெடுக்கும். நீராவி எங்கிருந்து வருகிறது? நிலக்கரி பாய்லரிலிருந்து. தண்ணீரைச் சுத்தம் செய்யச் சாம்பல் கூடுகிறது. இந்த இரண்டு கணக்கையும் அறிக்கையில் தனித்தனி அத்தியாயத்தில்தான் பார்ப்பீர்கள்.

கடைசியில் உப்பு. சாப்பாட்டு உப்புக்குப் பதில் சோடியம் சல்பேட்டைச் சாயத்துக்குப் பயன்படுத்தினால் ஒரு வசதி உண்டு. திருப்பூரில் அதைக் கிளாபர் உப்பு என்பார்கள்; லெப்ளாங் ஆலையின் முதல் கொப்பரையில் விளைந்த அதே பொருள். 32 டிகிரி சூட்டில் நூறு கிராம் தண்ணீரில் ஐம்பது கிராம்வரை கரையும். 10 டிகிரிக்கு இறக்கினால் பத்துக் கிராம்கூடக் கரையாது. ஆகவே செறிந்த நீரைக் குளிரவைத்தாலே போதும், பளிங்கு பளிங்காகக் கொட்டும். முதன்முறை அந்தத் தொட்டியைத் திறந்து பார்த்தபோது கற்கண்டுப் பாகு உறைந்த பானையை எட்டிப் பார்த்ததுபோல இருந்தது. அள்ளிச் சாயத்துக்கே திருப்பி அனுப்பினோம். அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் இன்னும் ஒரு படி போய், தெளிந்த உப்புநீரை உப்பாக்காமல் அப்படியே சாயமிடத் திருப்பி அனுப்பும் முறையைச் செய்து காட்டினார்கள்.

இப்படி மீட்டது போக, அடியில் ஒரு மிச்சம் இருக்கும். இரண்டு உப்பும், தண்ணீரைக் கடினமாக்கும் கால்சியம், மக்னீசியமும், சாயத்தின் பழுப்பும் கலந்தது. பெயர் 'கலப்பு உப்பு'. யாரும் வாங்குவதில்லை. நிலத்தில் புதைத்தால் மழையில் கரையும். மூட்டை கட்டிக் கொட்டகைகளில் அடுக்கி வைத்திருப்பார்கள். கொட்டகை நிரம்பினால் இன்னொரு கொட்டகை. நான் பணியாற்றிய இடத்தில் கொட்டகைச் சாவி தொங்கிய கொக்கியைப் பார்வையாளர்கள் வரும் நாளில் யாரும் தொடமாட்டார்கள்.

சேற்றைச் சேர்த்து வைப்பது உயிரையும் எடுக்கும். 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் தோல் கழிவுப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் நள்ளிரவுக்குப் பின் உடைந்தது. அடுத்த வளாகத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். நாட்டுக்கே ஈ.எஸ்.பி. செய்து தரும் அதே ஊர்.

ஆகவே கூட்டத்தில் 'கருவி எத்தனை சதவீதம் பிடிக்கும்' என்று கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். அதற்கு அவர்களிடம் அழகான படங்கள் இருக்கும். நாளைக்கு எத்தனை டன் சாம்பல் விழும், எந்தச் சிமெண்ட் ஆலையோ செங்கல் சூளையோ எடுத்துக்கொள்ள எழுத்தில் ஒப்பியிருக்கிறது, அவர்கள் ஒரு மாதம் எடுக்காவிட்டால் எத்தனை நாள் சேமிக்க இடம் இருக்கிறது என்று கேளுங்கள். சாய ஆலைகளில் எந்த உப்பு பயன்படும், இரண்டும் கலக்குமா, கலப்பு உப்பு ஆண்டுக்கு எத்தனை டன், பத்தாவது ஆண்டில் கொட்டகை எத்தனை ஏக்கர் என்று கேளுங்கள். சேற்றுத் தொட்டிக்கும் தொழிலாளர் தங்கும் இடத்துக்கும் இடையே எத்தனை மீட்டர் என்று வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஆவியாக்கி பழுதானால் சாய ஆலைகள் நிற்குமா, நிற்காவிட்டால் அன்றைய தண்ணீர் எந்தத் தொட்டிக்குப் போகும், அது எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதையும் விடாதீர்கள்.

அறிக்கையின் தமிழ்ச் சுருக்கத்தை முன்கூட்டியே ஆட்சியர் அலுவலகத்தில் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டு போங்கள். பேசி முடித்ததும் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு கிளம்பிவிடாதீர்கள். நடந்ததை அங்கேயே தமிழில் வாசித்துக் காட்டி அன்றே கையெழுத்திட வேண்டும் என்பது விதி. உங்கள் கேள்வியும் அவர்கள் தந்த டன் கணக்கும் அந்த வாசிப்பில் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டு, வராவிட்டால் எழுந்து சேர்க்கச் சொல்லுங்கள்.